புதிய குற்றவியல் சட்டங்களும் கோலார் தங்கவயலின் அனுபவமும்

ஒரு நாட்டின் குற்றவியல் சட்டம் எத்தகையது என்பதை அறிய விரும்புவோர், அதில் கண்டுள்ள தண்டனைகளின் கடுமையையே முதலில் நோக்குவது வழக்கம். எத்தனை ஆண்டுச் சிறை, எவ்வளவு அபராதம், தூக்குத் தண்டனை உண்டா இல்லையா என்பவையே பெரிதும் விவாதிக்கப்படுகின்றன. ஆனால் சாமானிய மனிதன் சட்டத்தை முதன்முதலாகச் சந்திப்பது தீர்ப்பு வழங்கப்படும் நாளில் அன்று. காவலர் ஒருவர் அவனை வழியில் நிறுத்தி, கையிலுள்ள பொருள் அவனிடம் எவ்வாறு வந்தது என்று கேட்கும் வேளையிலேயே அவன் அதைச் சந்திக்கிறான். அக்கேள்விக்கு விடை கூறி மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு அவனுடையதா, அன்றி அரசினுடையதா? எந்தப் பிரிவின்கீழ் வழக்குப் பதிவு செய்வது என்று முடிவு செய்பவர் யார்? தண்டனையின் அளவைவிட இவ்விரு கேள்விகளுமே ஏழை எளியவரின் வாழ்வை மிகுதியாகப் பாதிப்பவை.

2022ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் பாராளுமன்றம் நிறைவேற்றிய நான்கு சட்டங்கள், நம் நாட்டின் காவல் முறையையும் தண்டனை முறையையும் பெருமளவு மாற்றி அமைத்துள்ளன. இவற்றின் உட்பொருளை விளங்கிக்கொள்ளக் கருநாடக மாநிலத்தின் கோலார் தங்கவயல் நமக்குத் துணைபுரியும். ஒரு சமுதாயம் முழுவதும் சந்தேகத்தின் நிழலில் நெடுங்காலம் வாழ்ந்த ஊர் அது.

தங்கமும் சந்தேகமும்

1880ஆம் ஆண்டுகளில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் நிர்வாகத்தில் கோலார் தங்கவயலில் பெருமளவில் சுரங்கத் தொழில் தொடங்கியது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான குடும்பங்கள் இங்கே குடியேறின. அவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் அதிகமான தங்கம் இங்கிருந்து எடுக்கப்பட்டது. 2001 பிப்ரவரி 28ஆம் நாளன்று பொதுத்துறை நிறுவனமான பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியது.

தங்கத்திற்குப் பிற தாதுப் பொருள்களுக்கு இல்லாத ஒரு தன்மை உண்டு. அதன் மதிப்பு மிகுதி; அது அடைத்துக்கொள்ளும் இடமோ சிறிது. நிலக்கரிச் சுரங்கத்தில் ஒருவன் கைப்பிடியளவு நிலக்கரியை எடுத்துச் சென்றால் எவருக்கும் கவலையில்லை. தங்கச் சுரங்கத்திலோ, வளமான தாதுவின் ஒரு கைப்பிடி பல நாள் கூலிக்கு ஈடாகக்கூடும். ஆகவே குழியிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு தொழிலாளியும் நிர்வாகத்தின் கண்ணுக்குக் கள்வனாகவே தோன்றினான். உடல் சோதனை, காவற்படை, குடியிருப்புகளில் தேடுதல் ஆகியவை அன்றாட நடைமுறைகளாயின.

இதற்குச் சட்டமும் துணை நின்றது. 1890ஆம் ஆண்டுகளின் இறுதியில் மைசூர் சமஸ்தானம் கொண்டுவந்த சுரங்கச் சட்டம், தங்கம் கலந்த பொருளைத் தக்க விளக்கமின்றி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. பொதுவான திருட்டு வழக்கில் பொருள் பறிபோனது என்பதையும், அதைக் குற்றம் சாட்டப்பட்டவரே எடுத்தார் என்பதையும் அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும். தங்கவயலில் அந்தச் சுமை இடம் மாறியது. பொருள் தன்னிடம் நேர்மையான வழியில் வந்தது என்று அதை வைத்திருந்தவன் காட்டவேண்டியதாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத, ரசீது என்பதையே அறியாத ஒரு தொழிலாளி இதை எவ்வாறு காட்டுவான்?

இத்தகைய ஏற்பாடு மைசூருக்கு மட்டுமே உரியதன்று என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. திருட்டு நிகழ்ந்த சிறிது காலத்திற்குள் அப்பொருள் ஒருவனிடம் இருந்து, அதற்கு அவன் கணக்குச் சொல்ல இயலாவிடில், அவன் திருடனென்றோ திருட்டுப் பொருள் என்று அறிந்தே வாங்கியவனென்றோ நீதிமன்றம் ஊகிக்கலாம் என 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் கூறியது. 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்திலும் இக்கருத்து நீடிக்கிறது. சுங்கச் சட்டம், 1962இன் 123ஆம் பிரிவின்படி, கடத்தல் பொருள் என்ற நியாயமான நம்பிக்கையின் பேரில் கைப்பற்றப்பட்ட தங்கம் கடத்தப்பட்டதன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு, அதை வைத்திருந்தவரையே சாரும். பொருளாதாரக் காரணங்களுக்காகச் சில நேரங்களில் சுமையை மாற்றுவது தவிர்க்க இயலாததாகலாம். ஆயினும் விதிவிலக்காக இருக்கவேண்டியது ஓர் ஊரின் அன்றாட வாழ்க்கையாகிவிடும்போது அதன் விளைவு வேறாகிறது.

விரல் ரேகையும் மானமும்

அந்த விளைவு 1930ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. தொழிலாளர் அனைவரின் விவரங்களையும் விரல் ரேகைகளையும் ஒரே இடத்தில் பதிவு செய்து வைக்க நிர்வாகம் முனைந்தது. ஒரு சுரங்கத்தில் வேலை நீக்கப்பட்டவர் வேறு பெயரில் மற்றொரு சுரங்கத்தில் சேர்வதைத் தடுக்க இது உதவும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலைக்கு இறங்க மறுத்தனர். ஏறத்தாழ மூன்று வாரங்கள் வேலைநிறுத்தம் நீடித்தது. அக்காலத்தில் அவர்களுக்கு வலுவான தொழிற்சங்கம் எதுவும் கிடையாது. ரேகை வைப்பது குற்றவாளிகளுக்கு உரிய செயல், உழைத்துப் பிழைப்பவனுக்கு அது அவமானம் என்னும் உணர்வே அவர்களை ஒன்று திரட்டியது.

இவ்வுணர்வு எங்கிருந்து வந்தது என்பதைத் தமிழ் வாசகர்கள் எளிதில் ஊகிக்கலாம். அன்றைய சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டத்திற்கு மக்கள் இட்ட பெயரே ரேகைச் சட்டம் என்பதுதான். 1871இல் முதன்முதலாக இயற்றப்பட்ட அச்சட்டம், சில சாதிகளில் பிறந்த அனைவரையும் பிறப்பிலேயே குற்றவாளிகள் எனக் கருதிப் பதிவு செய்ய வழிவகுத்தது. 1920 ஏப்ரல் 3ஆம் நாளன்று மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் இப்பதிவை எதிர்த்த மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டுப் பலர் உயிரிழந்தனர். குற்றப் பரம்பரைச் சட்டம் சுதந்திர இந்தியாவில் 1952இல் நீக்கப்பட்டது.

அதே 1920ஆம் ஆண்டில்தான் சிறைவாசிகளை அடையாளம் காணும் சட்டமும் இயற்றப்பட்டது. தண்டனை பெற்றோரிடமும், ஓராண்டோ அதற்கு மேலோ கடுங்காவல் விதிக்கக்கூடிய குற்றத்திற்காகக் கைதானோரிடமும் விரல் மற்றும் பாத அடையாளங்களைப் பெற அது அனுமதித்தது. அச்சட்டம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்தது.

2022ஆம் ஆண்டின் விவாதம்

அதற்குப் பதிலாகக் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) மசோதா 2022 மார்ச் 28 அன்று மக்களவையில் அறிமுகம் செய்யப்பட்டது. பொதுவாகக் குரல் வாக்கெடுப்பில் முடிந்துவிடும் அறிமுகக் கட்டத்திலேயே எதிர்க்கட்சிகள் பிரிந்து வாக்களிக்க வேண்டின. 120 உறுப்பினர்கள் ஆதரவாகவும் 58 பேர் எதிராகவும் வாக்களித்தனர். ஏப்ரல் 4 அன்று மக்களவையும், ஏப்ரல் 6 அன்று மாநிலங்களவையும் மசோதாவை நிறைவேற்றின. ஆகஸ்ட் 4 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

கருவிழி, விழித்திரைப் பதிவு, உயிரியல் மாதிரிகள், கையெழுத்து உள்ளிட்ட நடத்தைக் கூறுகள் ஆகியவற்றையும் சேகரிக்க இச்சட்டம் வகை செய்கிறது. எக்குற்றத்திற்காகக் கைதானவரும் இதன் வரம்பிற்குள் வருவர். ஆயினும் பெண்கள் அல்லது குழந்தைகளுக்கு எதிரான குற்றமாகவோ, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றமாகவோ இல்லாவிடில், கைதானவர் உயிரியல் மாதிரி தர மறுக்கலாம். திரட்டப்பட்ட பதிவுகளைத் தேசியக் குற்றப் பதிவுக் கூடம் 75 ஆண்டுகள் வைத்திருக்கும். வழக்கிலிருந்து இறுதியாக விடுவிக்கப்பட்டவரின் பதிவுகள், நீதிமன்றம் காரணம் காட்டி வேறுவிதமாக ஆணையிட்டாலன்றி, அழிக்கப்பட வேண்டும்.

குற்றவாளிகள் நவீனக் கருவிகளைக் கையாளும் காலத்தில் காவல்துறை மட்டும் பழைய முறைகளையே பற்றி நிற்க இயலாது என்றும், அறிவியல் சான்றுகள் பெருகினால் துன்புறுத்தி வாக்குமூலம் பெறும் வழக்கம் குறையும் என்றும் அரசுத் தரப்பு வாதிட்டது. இதில் உண்மை உண்டு. சட்ட ஆணையமும் 1980ஆம் ஆண்டிலேயே தனது 87ஆவது அறிக்கையில் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துமாறு பரிந்துரைத்திருந்தது. விரல் ரேகை தருவது தனக்கு எதிராகத் தானே சாட்சி கூறுவதாகாது என 1961ஆம் ஆண்டின் காதி காலு ஓகட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

எதிர்ப்புத் தெரிவித்தோரோ, 2017ஆம் ஆண்டின் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என ஏற்கப்பட்ட பின்னர், சிறு குற்றத்திற்காகக் கைதானவரையும் இதன் வரம்பிற்குள் கொண்டுவருவது அளவுக்கு மீறியது என்றனர். இருபது வயதில் ஒரு தெருச் சண்டைக்காகத் தண்டிக்கப்பட்டவரின் ரேகை, அவருடைய 95ஆம் வயது வரை அரசின் பதிவேட்டில் இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் இவ்வாதத்தின் வலிமை புலப்படும். 1930இல் தங்கவயல் தொழிலாளர்கள் சொல்லத் தெரியாமல் உணர்ந்ததை, 2022இல் உறுப்பினர்கள் அரசியல் சட்ட மொழியில் எடுத்துரைத்தனர் எனலாம்.

மூன்று புதிய சட்டங்கள்

2023 ஆகஸ்ட் 11 அன்று உள்துறை அமைச்சர் திரு. அமித் ஷா மூன்று மசோதாக்களை மக்களவையில் அறிமுகம் செய்தார். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா, 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திற்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திற்குப் பதிலாகப் பாரதிய சாக்ஷிய அதிநியம் ஆகியன அவை. உள்துறைக்கான பாராளுமன்ற நிலைக்குழு இவற்றை ஆராய்ந்து நவம்பரில் அறிக்கை அளித்தது. எதிர்க்கட்சி உறுப்பினர் சிலர் மாறுபட்ட கருத்துரைகளை இணைத்தனர். டிசம்பர் 12 அன்று பழைய மசோதாக்கள் திரும்பப் பெறப்பட்டுத் திருத்திய மசோதாக்கள் கொண்டுவரப்பட்டன. டிசம்பர் 20 அன்று மக்களவையும் 21 அன்று மாநிலங்களவையும் அவற்றை நிறைவேற்றின. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் டிசம்பர் 25 அன்று கிடைத்தது. 2024 ஜூலை 1 முதல் அவை நடைமுறைக்கு வந்தன.

நிலைக்குழுவின் ஆய்வு வீண்போகவில்லை. சமூக சேவை என்பதற்குப் பொருள் வரையறுக்கப்பட வேண்டும் என்ற பரிந்துரை ஏற்கப்பட்டது. கைவிலங்கு இடத்தக்க குற்றங்களின் பட்டியலிலிருந்து பொருளாதாரக் குற்றங்கள் நீக்கப்பட்டன. சிறு ஒருங்கமைந்த குற்றத்தின் வரையறையில் முதலில் இருந்த, மக்களிடையே பொதுவான பாதுகாப்பின்மை உணர்வை உண்டாக்குதல் என்னும் தெளிவற்ற தொடரும் கைவிடப்பட்டது. ஒரு மசோதா குழுவுக்கு அனுப்பப்படுவதால் விளையும் நன்மைக்கு இவை எடுத்துக்காட்டுகள்.

இறுதி விவாதம் நடைபெற்றபோதோ, பாராளுமன்றப் பாதுகாப்பு மீறல் குறித்து எழுந்த அமளியின் காரணமாக இரு அவைகளிலும் 140க்கும் மேற்பட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். எனவே நிலைக்குழுவில் எழுந்த மாறுபட்ட வாதங்கள் அனைத்தும் அவையில் ஒலிக்க வாய்ப்பில்லாமற் போயிற்று. சட்டங்களின் இந்திப் பெயர்கள் பற்றித் தமிழ்நாட்டில் எழுந்த ஆட்சேபமும் குறிப்பிடத்தக்கது. மாநிலத் திருத்தங்கள் பற்றி ஆராய 2024இல் தமிழ்நாடு அரசு நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. காவல்துறை மாநிலப் பட்டியலிலும், குற்றவியல் சட்டமும் நடைமுறையும் பொதுப் பட்டியலிலும் உள்ளமையால் இத்தகைய ஆய்வுக்கு இடமுண்டு.

சிறு திருட்டும் இரு பாதைகளும்

தண்டனை முறையில் ஏற்பட்ட மாற்றங்களுள் சமூக சேவை முதன்மையானது. ஆறு சிறு குற்றங்களுக்கு இதனை விதிக்கலாம். அவற்றுள் ஒன்று சிறு திருட்டு. திருடப்பட்ட பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதன்முறையாகக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால், அவருக்குச் சமூக சேவையே தண்டனை என 303ஆம் பிரிவு கூறுகிறது. இத்தகைய வழக்கில் பிணை உரிமையாகும். நீதித்துறை நடுவரின் ஆணையின்றிக் காவல்துறை புலனாய்வு செய்யவோ, பிடியாணையின்றிக் கைது செய்யவோ இயலாது. ஒரு கல்லைத் தொட்டவனையும் கள்வனாகக் கண்ட தங்கவயலின் பழைய முறையோடு ஒப்பிட்டால், இதனைப் பெரும் முன்னேற்றம் என்றே கொள்ள வேண்டும்.

இனி 112ஆம் பிரிவைக் காண்போம். ஒரு குழு அல்லது கும்பலின் உறுப்பினராக இருந்து தனித்தோ கூட்டாகவோ திருட்டு, பறிப்பு, மோசடி, அனுமதியற்ற சூதாட்டம் போன்றவற்றைச் செய்வது சிறு ஒருங்கமைந்த குற்றமாகும். இதற்கு ஓராண்டுக்குக் குறையாத, ஏழாண்டு வரையிலான சிறைத் தண்டனை உண்டு. பிணை உரிமையில்லை. கடைத் திருட்டு, பைத்திருட்டு, வணிக இடங்களில் நிகழும் திருட்டு ஆகியனவும் இதில் அடங்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஆண்டர்சன்பேட்டையில் தனியார் பட்டறை ஒன்றின் திறந்த முற்றத்தில் கிடந்த 4,000 ரூபாய் மதிப்புள்ள பழைய இரும்பை மூன்று இளைஞர்கள் எடுத்துச் சென்றனர் என வைத்துக்கொள்வோம். மூவரும் இதற்கு முன் எக்குற்றமும் செய்யாதவர்கள். அவர்கள்மீது 303ஆம் பிரிவின்கீழ் வழக்கு வந்தால், பிணை கிடைக்கும். பொருளைத் திருப்பித் தந்தபின் சில நாள் சமூக சேவையோடு அது முடியும். அவர்கள் மூவரும் ஒரு கும்பல் எனக் கருதி 112ஆம் பிரிவு சேர்க்கப்பட்டால், பிணைக்காக நீதிமன்றத்தின் விருப்புரிமையை நாடவேண்டும். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் குறைந்தது ஓராண்டுச் சிறை. இரும்பு அதே இரும்புதான், மதிப்பும் அதே மதிப்புதான். வேறுபாடு முதல் தகவல் அறிக்கையை எழுதுபவரின் பேனாவில் அடங்கியுள்ளது. நீதிபதி பின்னர் அப்பிரிவை நீக்கிவிடலாம். அதற்குள் கழிந்த சிறை நாள்களை யாரும் திருப்பித் தர இயலாது.

இது கற்பனைக்கு எட்டாத நிலைமையன்று. சுரங்கம் மூடப்பட்டபின் தங்கவயலில் மாற்றுத் தொழில்கள் போதிய அளவு வளரவில்லை. ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். 2020 மே மாதத்தில் மூடப்பட்ட சுரங்கக் குழி ஒன்றில் இரவில் இறங்கியவர்களுள் மூவர் உயிரிழந்தனர். வேலையின்மையும் பழைய இரும்பும் அருகருகே இருக்கும் ஊரில் இவ்விரு பிரிவுகளுக்கும் இடையிலான எல்லை யாவர்க்கும் விளங்கும்படி இருத்தல் அவசியம்.

காவல்துறையின் அதிகாரமும் கட்டுப்பாடும்

புதிய நடைமுறைச் சட்டம் காவல்துறைக்குச் சில அதிகாரங்களை விரிவாக்கியுள்ளது. கைதானவரைக் காவல்துறைப் பொறுப்பில் வைக்கும் 15 நாள் வரம்பு மாறவில்லை. ஆனால் முன்பு அது கைதான முதல் 15 நாள்களுக்குள் அமைய வேண்டும். இப்போது, குற்றத்தின் தன்மைக்கேற்ப, முதல் 40 அல்லது 60 நாள்களுக்குள் பகுதி பகுதியாகவும் பெறலாம். மருத்துவமனையில் சேர்ந்து விசாரணையைத் தவிர்க்கும் செல்வாக்கு மிக்கோரைக் கருத்திற்கொண்டு இம்மாற்றம் செய்யப்பட்டது என்பது இதன் ஆதரவாளர்களின் வாதம். மீண்டும் காவலில் எடுக்க வேண்டியிருக்கும் என்ற காரணத்தால் பிணை தாமதமாகலாம் என்பது எதிர்த்தரப்பின் அச்சம். மேலும், கைது செய்யப்படாத ஒருவரிடமிருந்தும் விரல் ரேகை, குரல் மாதிரி ஆகியவற்றைப் பெற, காரணத்தை எழுத்தில் பதிவு செய்து, நடுவர் ஆணையிடலாம் என 349ஆம் பிரிவு கூறுகிறது.

கட்டுப்பாடுகளும் உடன் வந்துள்ளன. தேடுதலும் கைப்பற்றுதலும் ஒலி, ஒளிப் பதிவு செய்யப்படவேண்டும். ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்திற்கு வரவேண்டும். இதற்கான ஏற்பாடுகளைச் செய்துகொள்ள மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. புகார் தந்தவருக்குப் புலனாய்வின் முன்னேற்றத்தை 90 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். மூன்றாண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றத்தில் நோயுற்றோரையோ அறுபது வயதைக் கடந்தோரையோ கைது செய்யத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி தேவை. கைதானவர்களின் விவரங்களைப் பேண ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஓர் அலுவலர் இருக்கவேண்டும். எல்லை எதுவாயினும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் பதிவு செய்யலாம் என்பதும் சட்டமாகியுள்ளது. தங்கவயலுக்கெனத் தனிக் காவல் மாவட்டம் இருக்க, கோலார் மாவட்டத்தின் பிற பகுதிகள் வேறொரு கண்காணிப்பாளரின் கீழ் அமைந்த நிலையில், எல்லைச் சிக்கலால் அலைக்கழிந்தோர்க்கு இதன் அருமை தெரியும்.

பொருளாதாரக் கணக்கு

தண்டனையின் கடுமையைவிட அது தவறாமல் கிட்டும் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764ஆம் ஆண்டிலேயே எழுதினார். பொருளாதார வல்லுநர்கள் இதனையே செலவு, பயன் என்னும் கணக்கில் வைத்துப் பார்ப்பர். நம் நாட்டில் இக்கணக்கு கவலைக்குரியதாகவே இருந்து வந்துள்ளது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பங்கினர், குற்றம் மெய்ப்பிக்கப்படாத விசாரணைக் கைதிகள். இவர்களுக்கு ஆகும் உணவு, காவல் செலவை அரசின் வரவு செலவுத் திட்டத்தில் காணலாம். இவர்கள் இழக்கும் கூலியும், குடும்பம் வாங்கும் கடனும், பள்ளியிலிருந்து நிற்கும் பிள்ளைகளின் எதிர்காலமும் எக்கணக்கிலும் ஏறுவதில்லை.

புதிய சட்டத்தின் 479ஆம் பிரிவு இதற்கு ஒரு பரிகாரம் தருகிறது. முதன்முறைக் குற்றம் சாட்டப்பட்டவர், அக்குற்றத்திற்குரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தையும், மற்றவர் பாதிக் காலத்தையும் விசாரணைக் கைதியாகக் கழித்திருந்தால் பிணையில் விடப்படவேண்டும். மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. இதற்கான மனுவை அளிக்கும் கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. சட்டம் வருமுன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

ஆனால் இதே பிரிவில் ஒரு தடையும் உள்ளது. ஒருவர்மீது ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்களோ, பல வழக்குகளோ நிலுவையில் இருந்தால் இச்சலுகை இல்லை. ஒரே சம்பவத்திற்குப் பல பிரிவுகளைச் சேர்த்து வழக்குப் பதிவது நம் காவல் நிலையங்களின் வழக்கம் என்பதை நினைவுகொண்டால், பரிகாரம் எத்தனை பேரைச் சென்றடையும் என்பது முதல் தகவல் அறிக்கையிலேயே முடிவாகிவிடுகிறது என்பது விளங்கும்.

செய்யவேண்டியவை

இச்சட்டங்களின் வெற்றி காவல் நிலையத்திலும் நடுவர் நீதிமன்றத்திலும்தான் தீர்மானிக்கப்படும். நான்கு செயல்கள் உடனடியாகத் தேவை.

முதலாவதாக, கும்பல் என்பதற்கு என்ன சான்று வேண்டும் என்பதைத் தெளிவாக்கும் வழிகாட்டு நெறிகளை மாநில அரசுகள் வெளியிட வேண்டும். சிறு திருட்டு வழக்கில் 112ஆம் பிரிவைச் சேர்க்குமுன் மேலதிகாரி ஒருவரின் எழுத்து மூலமான ஒப்புதலைக் கட்டாயமாக்கலாம்.

இரண்டாவதாக, சமூக சேவையின் வகையும் நேரமும் மேற்பார்வையும் உள்ளூர் நிலைமைக்கு ஏற்ப அமைய வேண்டும். சட்டம் இவற்றை விரித்துரைக்கவில்லை. பெங்களூருக்கு நாள்தோறும் சென்று வரும் கூலித் தொழிலாளிக்கு வேலை நாள்களில் சேவை விதித்தால், அவன் வேலையையே இழப்பான்; அது சிறைக்கு ஒப்பான தண்டனையாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் மருத்துவமனையிலோ நூலகத்திலோ சேவை செய்ய ஆணையிட்டால் சட்டத்தின் நோக்கம் நிறைவேறும்.

மூன்றாவதாக, மொழி. தங்கவயலில் காவல் நிலையத்தின் அலுவல் மொழி கன்னடம். கைதாகும் பலரின் தாய்மொழி தமிழ். சாட்சியம் தமக்குப் புரியாத மொழியில் இருந்தால் அதனை மொழிபெயர்த்துக் கேட்கும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சட்டப்படி உண்டு. கைதுக்கான காரணம், உறவினருக்குத் தகவல், வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை ஆகியவற்றையும் அவரவர் மொழியில் அச்சிட்டு வழங்குவது பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சட்டப் பணிகள் குழுக்கள் இதனை மேற்கொள்ளலாம்.

நான்காவதாக, விடுவிக்கப்பட்டோரின் ரேகைப் பதிவுகள் உரிய காலத்தில் அழிக்கப்பட்டன என்ற அறிவிப்பு, அவர்கள் கேளாமலே அவர்களுக்கு வந்து சேரவேண்டும். அழிக்கக் கோரி அலுவலகம் அலுவலகமாக அலையும் பொறுப்பை அவர்கள்மீது சுமத்துவது, மெய்ப்பிக்கும் சுமையை மீண்டும் எளியவரிடமே மாற்றுவதாகும்.

குற்றம் குறைய வேண்டும் என்பதிலும், குற்றத்தால் துன்புற்றவருக்கு விரைவில் நீதி கிடைக்கவேண்டும் என்பதிலும் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. திருட்டில் பொருளை இழப்பவரும் பெரும்பாலும் ஏழையே. ஆயினும் அனைவரையும் ஐயுறும் சட்டம் கள்வரை மட்டும் பிரித்துக் காண்பதில்லை. ஊர் முழுவதையும் காவலருக்கு அயலாக்கிவிடுகிறது. சாட்சி சொல்ல முன்வருவோரும் இல்லாமற் போகின்றனர். தங்கவயலின் குழிகளில் இன்று நீர் நிரம்பிக் கிடக்கிறது. அங்கே உழைத்தவர்களின் பேரப் பிள்ளைகள் விடியற்காலை ரயிலுக்கு விரைகின்றனர். வழியில் காவலர் ஒருவர் அவர்களை நிறுத்தினால், தம்மைக் குடிமக்களாக எண்ணி அவர் பேசுகிறார் என்ற நம்பிக்கை அவர்களுக்கு ஏற்படவேண்டும். பாராளுமன்றம் இயற்றிய சட்டங்களின் உண்மையான மதிப்பு அந்த இடத்தில்தான் அளவிடப்படும்.